குப்பியில் நின்ற மிச்சம்

அந்தக் குப்பி என் பெருவிரல் உயரம்தான் இருக்கும். கனத்த கண்ணாடி, குறுகிய கழுத்து, வாயில் சாம்பல் நிற ரப்பர் மூடி. ரப்பரின் நடுவில் ஊசி இறங்கிய துளைகள் ஏழோ எட்டோ உண்டு. இப்போது என் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே புள்ளியாகத் தெரிகிறது. உள்ளே கால் பங்குக்கு ஏலக்காய் விதை கிடக்கிறது. வாசனை போய், கருத்து, கடுகா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. என் அக்கா போட்டுக் கொடுத்தது. "பக்கத்துல வந்தாலே ஸ்பிரிட்டு வாடை அடிக்குதுடா. எவன் ஒனக்குப் பொண்ணு குடுப்பான்? இதை மெல்லு" என்று சொல்லிக் கையில் திணித்தாள். பெண் கொடுத்தார்கள். பேரன் பேத்தியும் எடுத்தாயிற்று. அதையெல்லாம் பார்க்க அக்கா இல்லை. குப்பி மட்டும் என் அலமாரியில் இருக்கிறது. விதை போடுவதற்கு முன் அதில் இருந்த மருந்தும் அவளுக்கு நான் போட்டதுதான்.

ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். ஆஸ்பத்திரி என்றால் இரண்டு அறையும் ஒரு கூடமும்தான். தெருவில் பாதி ஏலக்காய்க் கிடங்குகள். அதனால் நோயாளிகள் உட்காரும் கூடத்தில் ஸ்பிரிட்டு நெடியும் ஏலக்காய் மணமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். வார நாட்களில் ராசிங்காபுரத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்காரர்களின் நாள். எஸ்டேட்டுகளுக்கு அன்றைக்குத்தான் விடுமுறை. விடிவதற்கு முன்பே புறப்பட்டு, மலையடிவாரத்து முந்தல் வழியாக நடந்தும் ஜீப்பில் தொற்றிக்கொண்டும் இறங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் கூடத்தை நிறைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், ஊசி. இந்த நான்கையும் முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் மலையேறிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மஞ்சு இறங்கிப் பாதை மறைந்துவிடும்.

ஊசி என்று நான் சொல்வதைப் புரிந்துகொள்ள எங்கள் டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவர். புண் அழுகிச் சாகக் கிடந்த சிப்பாய்கள் பென்சிலின் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டதைக் கண்ணால் பார்த்தவர். மருந்து வருவதற்கு ஒரு நாள் முந்திச் செத்தவர்களையும் பார்த்தவர். அதன் பிறகு அவருக்குக் கடவுள் என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. போடிக்கு வந்த புதிதில், கம்பளியில் கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம். இவர் பென்சிலின் போட்ட மூன்றாம் நாள் அவள் தன் காலால் நடந்து மலையேறினாள். அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் மலையேறிவிட்டது. அப்புறம் யாருக்குத் தலை வலித்தாலும் ஊசிதான்.

நான் கம்பவுண்டருக்குப் படித்தது மிக்சர் கலக்க. பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல்பல்லாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பேன். அந்தக் காகிதத்தை என்னைப் போல் நேராக வெட்ட ஆள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இரண்டு வருடத்தில் அந்தக் கர்வத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. "தண்ணி மருந்து வேணாம்ணே, ஊசியாப் போட்டுவிடுங்க" என்று கேட்பார்கள். சாதாரண ஜலதோஷம், இரண்டு நாளில் தானே போகும் என்று தெரிந்திருந்தும் டாக்டர் மறுக்கமாட்டார். காய்ச்சல் என்றால் பென்சிலின், இருமல் நீண்டால் ஸ்ட்ரெப்டோமைசின், எதுவென்று தெரியாவிட்டால் இரண்டும். ஒரே ஒரு ஊசி. அடுத்தது எப்போது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஒருமுறை நானாகக் கேட்டேன், இதைத் தினமும் போட வேண்டாமா என்று. அவர் சிரித்தார். "மலையேறிட்டா அவனை எங்க போய்ப் பிடிப்பே? எறங்கின அன்னைக்கே உள்ள ஏத்திரணும்" என்றார். அதில் நியாயம் இல்லை என்று அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது. இன்றைக்கும் நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போகப் போக ஊசி போடும் வேலை என் கைக்கு வந்தது. எனக்குக் கைராசி என்று பேர் கட்டிவிட்டார்கள். "கம்பவுண்டர் அண்ணன் போட்டாத்தான் கேக்குது" என்று டாக்டரிடமே சொல்லுவார்கள். அவர் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து எனக்கு இடம் விடுவார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. பம்ப் ஸ்டவ்வில் ஊசிகள் கொதிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு மேளச் சத்தம் மாதிரி இருக்கும்.

அக்காவை மலையில் கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சான் ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் தீப்போடுகிறவர். பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, சூடு ஏற்றி உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். உலர்ந்த காயைச் சாக்கில் போட்டுத் தேய்த்துக் காம்பு உதிர்ப்பது அக்காவின் சோலி. புகையும் தூசியுமாக அடைத்துக் கிடக்கும் இடம். அவள் ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிசு. எங்களுக்கு அம்மா சின்ன வயதில் போய்விட்டதால் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்த உரிமையில், கூடம் நிறைய ஆள் இருக்கும்போதும் என்னை "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிறுதோறும் இறங்குவாள். சாமான் வாங்கி முடித்துக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்து, "இருமுதுடா தம்பி. வெரசாப் போட்டுவிடு, ஜீப்பு போயிரும்" என்று கையை நீட்டுவாள். வேண்டுமென்றே கடைசியில்தான் வருவாள். காரணம், மிச்சம்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் குப்பியில் பொடியாக வரும். காய்ச்சி வடித்த நீரை உள்ளே செலுத்திக் குலுக்கிக் கரைக்க வேண்டும். கரைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை வைத்திருக்க முடியாது. ஆளுக்குப் பாதி, முக்கால் என்று இழுத்தது போக, மூன்று மணிக்கு ஏதாவது ஒரு குப்பியின் அடியில் கொஞ்சம் நிற்கும். டாக்டருக்கு அதைக் கீழே கொட்டினால் ஆகாது. "ஒரு சொட்டு கெடைக்காமப் போனவனை எல்லாம் நான் பார்த்திருக்கேன்" என்பார். அந்த மிச்சத்தை நான் அக்காவுக்கு என்று எடுத்து வைப்பேன். வீட்டில் குழம்புச் சட்டியை வழித்துக் கடைசி வாயை எனக்கென்று அவள் வைத்திருந்தது போலத்தான். ஒரு வாரம் அரை ஊசி இருக்கும், ஒரு வாரம் நாலு சொட்டு. சில வாரம் ஒன்றுமே மிஞ்சாது. அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். ஊசி போட்ட பிறகு காலிக் குப்பியைக் கழுவி வாங்கிக்கொள்வாள். குங்குமம், மூக்குப்பொடி, விதை என்று மலையில் எல்லா வீட்டிலும் எங்கள் குப்பிகள் இருந்தன.

ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் இருமல் அடங்கும். காய்ச்சல் விடும். அப்புறம் மெல்லத் திரும்பும். "ஒன் கைராசி ஒரு வாரத்துக்கு மேல நிக்க மாட்டேங்குதுடா, டாக்டர்கிட்ட சொல்லி ரிப்பேர் பாரு" என்று கேலி பண்ணுவாள். நானும் சிரிப்பேன். ஸ்டோர்ப் புகைதான் காரணம் என்று மச்சானும் நானும் எங்களுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம். இப்படி மூன்று மழைக்காலம் போயிற்று. அவள் கன்னம் ஒட்டியதையும், ரவிக்கை தொளதொளத்ததையும், இறங்கும்போதாவது முந்தல் வழியாக நடந்து வருகிறவள் அதற்கும் ஜீப்பில் வரத் தொடங்கியதையும் ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற கண்ணுக்கு எதுவும் திடீரென்று தெரிவதில்லை. மருந்துச் சாலையில் வேலை பார்க்கிறவன் என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

நாலாவது மழையில் ஒரு ஞாயிறு அவள் கையை நீட்டவில்லை. முந்தானையின் ஒரு மூலையை விரித்துக் காட்டினாள். சிவப்பாக இருந்தது. வெற்றிலை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மூன்று வருடத்தில் அவர் அவளைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான் முதல் முறை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குப் பார்த்ததெல்லாம் நான்தானே. குழாயைக் கழற்றிவிட்டு, மதுரைக்குக் கூட்டிப் போ, படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மிச்சம் இருந்தது. அவர் அதைத் தன் கையால் ஜன்னலுக்கு வெளியே ஊற்றினார்.

மதுரையில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த டாக்டர் வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பயப்பட வேண்டாம், இப்போது மருந்து இருக்கிறது, தினம் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். எந்த ஊசி என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அது எங்களிடமே இருந்த மருந்துதானே! இதற்கு முன்னால் அதைப் போட்டதுண்டா என்று அவர் கேட்டபோது, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், "நாந்தான் சார் போட்டேன். மூணு வருசமா, அப்பப்ப." அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. எவ்வளவு போட்டீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டார். மிச்சம் இருக்கிறதைப் பொறுத்து என்றேன். அதுதான் உண்மை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாற்பது நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. கூடக் கொடுத்த மருந்தை அவள் வயிறு ஏற்கவில்லை, குடித்த சுருக்கில் வாந்தியாக வந்துவிடும். சளியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஸ்ட்ரெப்டோமைசின் இவர் நோய்க்கு இனிமேல் கேட்காது, கிருமி அதற்குப் பழகிவிட்டது என்று விளக்கினார். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தேவாரத்துக் காடுகளில் யானை இறங்கினால் தகரம் தட்டி விரட்டுவார்கள். முதல் தடவை ஓடும். விட்டு விட்டு நாலு ராத்திரி தட்டினால், ஐந்தாம் ராத்திரி நின்று பார்த்துவிட்டுத் தின்னும். நான் மூன்று வருடம் தகரம் தட்டியிருந்தேன்.

அக்காவிடம் இதை யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சூடாக இருந்தன. "இவங்க போடுற ஊசி ஒடம்புல ஏறவே மாட்டேங்குது தம்பி. ஒன் கையால ஒண்ணு போடுடா. நம்ம ஊரு மருந்து கொண்டா. ஒண்ணே ஒண்ணு" என்றாள். அதட்டிக்கொண்டே இருந்தவள் கெஞ்சியது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். மதுரை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "போடுங்க. கெடுதல் வராது. நல்லதும் வராது" என்றார்.

போடிக்கு வந்து ஒரு முழுக் குப்பி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மிச்சம் இல்லை, முதன்முதலாக அவளுக்கென்று பிரித்த புதுக் குப்பி. பகல் பதினோரு மணி இருக்கும். படுக்கையில் வெயில் விழுந்திருந்தது. நீரைச் செலுத்திக் குலுக்கினேன். ஊசியை மூடியில் குத்துவதும் எடுப்பதுமாக இருந்தேன். மலைக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் கைராசிப் பட்டத்தை அன்றைக்கே பிடுங்கியிருப்பார்கள். ஊசி இறங்கச் சதை தேட வேண்டியிருந்தது. வெறும் தண்ணீரைப் போடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அதைத் தண்ணீர் ஆக்கியவனும் நானே என்று தெரியும். ஊசியை எடுத்த பிறகு, பஞ்சை வைத்து வழக்கம்போலத் தேய்த்துவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பத்தான்டா ஏறுது" என்றாள். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினாள். எழுந்ததும் காலிக் குப்பியை விடாமல் கேட்டு வாங்கி, தலையணைக்கு அடியில் முடிந்து வைத்திருந்த விதையை அதில் போட்டு என்னிடம் கொடுத்தாள். ஸ்பிரிட்டு வாடையைப் பற்றி அவள் சொன்னது அப்போதுதான். ஏழெட்டுத் தடவையாவது மூடியில் குத்தினேன் போலிருக்கிறது. கை நிதானத்தில் இல்லாததால் வந்த துளைகள்தான் அவை.

ஐப்பசியில் மச்சான் அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேலே கூட்டிப் போங்கள் என்று தினமும் கேட்டாள். மழையில் பாதை சரிந்து ஜீப்பு ஓடவில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு மலை தெரியும்படி படுக்கவைத்தோம். மலையும் மேகத்துக்குள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று, சளிச் சோதனையின் முடிவு எழுதிய மதுரைச் சீட்டை டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பறையைத் திறந்து ஒரு வைத்தியப் பத்திரிகையை எடுத்தார். ஒரு பக்கம் மடித்து வைத்திருந்தது. "விட்டு விட்டுப் போட்டா கிருமி பழகிரும்னு இதுல எழுதியிருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே படிச்சேன். நம்ம ஊருக்கு இது ஒத்துவராதுன்னு மடிச்சு வச்சிட்டேன்" என்றார். அழுதார். வயதான ஆண்பிள்ளை அழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஊசியை நிறுத்தினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். தேவைப்பட்டவர்களுக்கு மட்டும், அவர்களும் கீழே தங்கித் தினமும் போட்டுக்கொள்வதாக இருந்தால் மட்டும் என்றார். மற்றவர்களுக்கு மிக்சர். நான் திரும்பக் காகிதம் வெட்டினேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், மிக்சர் பாட்டிலைக் கூடத்துப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, அடுத்த தெருவில் இருந்த இன்னொரு டாக்டரிடம் போனாள். அவள் பின்னால் நாலு பேர். அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குக் கூடம் காலி. கீழே தங்குவதற்கு யாருக்கு எஸ்டேட்டில் லீவு கொடுப்பார்கள்? டாக்டர் வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு, குளித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல், "நான் போடலைன்னா அவன் போடுவான். அவன் ஊசியைக் கொதிக்கக்கூட வைக்கிறதில்லை" என்றார். நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.

வேலையை விட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். போகவில்லை. அவர் கண்ணை மூடும்வரை அவரிடம்தான் இருந்தேன். மிச்சத்தை மட்டும் யாருக்கும் போடாமல் கொட்டினேன். என்னால் முடிந்த திருத்தம் அவ்வளவுதான். அக்காவுக்காவது ஒரு சீட்டு வந்தது. ஞாயிறுதோறும் கையை நீட்டிவிட்டு மலையேறியவர்களில் எத்தனை பேர் அங்கேயே இருமி இருமிப் போனார்களோ, அவர்களுக்கு எந்தச் சீட்டும் வரவில்லை. புகையால் செத்தார்கள் என்று மலையில் சொல்லியிருப்பார்கள். டாக்டர் போனபோது மலையே இறங்கி வந்தது. அப்படி ஒரு கூட்டத்தை நான் போடியில் பார்த்ததில்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய் இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது.

போன மாதம் எனக்கு ஜலதோஷம். மருமகள் பதறிப்போய் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். இளைஞர், மரியாதையானவர். என் நெஞ்சில் குழாயை வைக்காமலே ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். சீட்டைப் படித்தேன். பழைய மருந்துகளின் பேரப்பிள்ளைகள். இது தேவையா தம்பி என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும் தாத்தா" என்றார். வெளியே கூடம் நிறைய ஆட்கள். அவருக்கும் அடுத்த தெருவில் இன்னொரு டாக்டர் இருக்கிறார்.

மூன்றாம் நாள் மூக்கு ஒழுகுவது நின்றது. மருமகள் அட்டையில் பாக்கியிருந்த நான்கு மாத்திரைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தாள். "அடுத்த தடவைக்கு ஆகும் மாமா. ஒங்களுக்குன்னே தனியா வச்சிருக்கேன்" என்றாள். அவளிடம் அக்கா கதையைச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாள். பாவம் அந்தக் காலத்தில் விவரம் இல்லாமல் போயிற்று என்றாள். பிறகு எழுந்து, எனக்குக் கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து, அலமாரியில் அந்தக் குப்பி மேல் மாத்திரை அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமையல் வேலைக்குப் போனாள்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. தினமும் காலையில் பார்க்கிறேன். எடுத்துக் குப்பையில் போட இரண்டு எட்டு நடந்தால் போதும். ஆனால் எனக்கென்று ஒருத்தி ஆசையாக எடுத்து வைத்த மிச்சம் அது. கை நீளமாட்டேன் என்கிறது.